பள்ளி நேரத்தில் பைபிள் வகுப்பு: அமெரிக்கப் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒஹாயோ, இண்டியானா பக்கம் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால், இப்படி ஒரு நோட்டீஸ் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். வாரத்துக்கு ஒரு நாள், பள்ளி நேரத்திலேயே, பிள்ளைகளைப் பக்கத்திலுள்ள சர்ச்சுக்கு வண்டியில் கூட்டிப் போய் பைபிள் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். கட்டணம் கிடையாது. விருப்பம் உள்ளவர்கள் மட்டும் கையெழுத்துப் போடலாம். 'ரிலீஸ்டு டைம்' என்பது இதன் பெயர். நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் உடனே இரண்டு கட்சி கிளம்பும். "அரசுப் பள்ளியில் மதமா? இது சட்டவிரோதம்" என்பது ஒன்று. "ஸ்கூலே அனுப்புறாங்க, நல்ல விஷயம்தான்" என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு.

முதல் கட்சிக்கு முதலில் பதில். இண்டியானாவின் கேரி நகரில் 1914இல் வில்லியம் வர்ட் என்ற கல்வி அதிகாரி தொடங்கிவைத்த ஏற்பாடு இது. உச்ச நீதிமன்றம் இதை இரண்டு முறை கையில் எடுத்தது. இல்லினாயின் ஷாம்பெய்ன் நகரில் மத ஆசிரியர்கள் பள்ளி வகுப்பறைக்கே வந்து பாடம் எடுத்தார்கள். வாஷ்டி மெக்காலம் என்ற தாய் வழக்குப் போட்டார். 1948இல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அது செல்லாது என்றானது. நான்கே ஆண்டுகள் கழித்து நியூயார்க்கிலிருந்து சோராக் வழக்கு வந்தது. அங்கே வகுப்பு பள்ளிக்கு வெளியே நடந்தது, பெற்றோர் எழுதிக் கேட்டிருந்தார்கள், அரசுப் பணம் செலவாகவில்லை. ஆறுக்கு மூன்று என்று நீதிமன்றம் அனுமதித்துவிட்டது. இன்றைக்கும் அதுதான் சட்டம். ஆகவே பிரின்சிபலுக்கு "கோர்ட்டுக்குப் போவேன்" என்று மெயில் அனுப்பினால், அவர் பள்ளி மாவட்டத்தின் வழக்கறிஞர் தரும் பதிலை அப்படியே திருப்பி அனுப்புவார். அவ்வளவுதான் நடக்கும்.

இரண்டாவது கட்சியின் தவறு இன்னும் பரவலானது. அதற்குக் காரணம் நம் ஊர் அனுபவம் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு மாரல் சயின்ஸ். இரண்டையும் நடத்தியது பள்ளிதான். சிஸ்டர் வந்து பாடம் எடுத்தார், பரீட்சையும் வைத்தார். அந்தப் பழக்கத்தில், இதையும் பள்ளியின் ஒரு பீரியட் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். இங்கே பாடம் பள்ளியுடையது இல்லை, ஆசிரியர் பள்ளி ஊழியர் இல்லை, பாடத்திட்டத்தைப் பள்ளி சரிபார்ப்பதும் இல்லை. படிவத்தின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பள்ளிக்கு வெளியே உள்ள அமைப்பின் பெயர் இருக்கும். பிள்ளையை அந்த நேரத்துக்கு அவர்கள் பொறுப்பில் ஒப்படைக்கிறீர்கள். ஒஹாயோ சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது: வருகைப் பதிவேடு அவர்கள் வேலை, வண்டி ஏற்பாடு பள்ளியின் பொறுப்பு இல்லை, பிள்ளைக்கு ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியது அவர்கள்.

கிறிஸ்தவக் குடும்பங்களும் இதில் தப்புவதில்லை. பைபிள்தானே, நம்ம சண்டே ஸ்கூல் மாதிரி இருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். ஒஹாயோவில் 2018இல் தொடங்கி வேகமாகப் பரவிய லைஃப்வைஸ் அகாடமி, இந்த வகுப்புகளை நடத்தும் அமைப்பு, புராட்டஸ்டண்டுகளில் ஒரு பிரிவான இவாஞ்சலிக்கல் மரபைச் சேர்ந்தது. கத்தோலிக்கர்களோ ஆர்த்தடாக்ஸ் குடும்பங்களோ அதே பாடத்தை அப்படியே ஏற்பார்கள் என்று சொல்ல முடியாது. ஞானஸ்நானம், திருமணம் பற்றியெல்லாம் அந்த வகுப்பில் என்ன சொல்வார்கள் என்று பாடத்திட்டத்தைக் கேட்டுப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். யாரும் தப்பாக நினைக்கப் போவதில்லை.

அடுத்து, என்ன விட்டுப்போகிறது என்று கேட்காமல் இருப்பது. ஒஹாயோவில் முக்கியப் பாடங்களின் நேரத்தில் பிள்ளையை அனுப்பக் கூடாது. அதனால் தொடக்கப்பள்ளியில் பெரும்பாலும் லைப்ரரி, ஆர்ட், மியூசிக், சாப்பாட்டு இடைவேளை, ரீசஸ் ஆகியவற்றில்தான் கை வைப்பார்கள். வாரத்துக்கு ஒரே ஒரு லைப்ரரி பீரியட் இருக்கும் வகுப்பில் அது போனால் ஆண்டு முழுக்கப் போனதுதான். விட்டுப்போன வேலையை முடிப்பது பிள்ளையின் பாடு. ஆர்ட் வகுப்புக்காகவே பள்ளிக்குப் போகிற பிள்ளை என்றால், கையெழுத்துக்கு முன்னால் அந்தப் பிள்ளையையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அனுப்பாத பெற்றோர் செய்யும் தவறு வேறு. "நாங்கள் அனுப்பவில்லை, எங்களுக்கு இதில் வேலையில்லை" என்று இருந்துவிடுவார்கள். வகுப்பில் பாதிப் பேர் கிளம்பிப் போன பிறகு மிச்சப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? புதுப் பாடம் நடத்தினால் போனவர்களுக்கு விட்டுப்போகும் என்று ஆசிரியர்கள் பெரும்பாலும் தயங்குவார்கள். அப்புறம் வொர்க்‌ஷீட்டும் ஐபேடும்தான். 1952 சோராக் தீர்ப்பில் மாறுபட்டு எழுதிய நீதிபதி ராபர்ட் ஜாக்சன், சர்ச்சுக்குப் போகாத பிள்ளைக்குப் பள்ளியே தற்காலிகச் சிறை ஆகிவிடுகிறது என்று காரமாகச் சொன்னார். சிறை என்பது பெரிய வார்த்தைதான். ஆனால் போனவர்கள் மிட்டாயோடு திரும்பி வரும்போது, உட்கார்ந்திருந்த ஏழு வயதுப் பிள்ளைக்குப் பெரிய வார்த்தையாகத் தெரியாது. மிட்டாய், பரிசு, அழைப்பிதழ் ஆகியவற்றை வகுப்பறைக்குள் கொண்டுவரக் கூடாது என்று விதி போடும்படி பள்ளி வாரியத்திடம் கேட்கலாம். மிச்சப் பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று ஆசிரியரிடம் எழுத்தில் கேட்பதும் உங்கள் உரிமை.

சரி, பள்ளி எங்கே எல்லை மீறுகிறது? இதைத் தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை மிச்சம். ஆசிரியரே வகுப்பில் படிவம் வசூலிப்பது, "நீ ஏன் போகவில்லை?" என்று கேட்பது, போகிறவர்களைப் பாராட்டுவது எல்லாம் கூடாது. யூட்டாவின் லோகன் நகர வழக்கில் (1981), பள்ளி மாணவ உதவியாளர்கள் மதவகுப்புக் கட்டடத்துக்குப் போய் வருகைச் சீட்டு வாங்கி வந்ததைக்கூட நீதிமன்றம் ஏற்கவில்லை. இண்டியானாவின் ஹண்டிங்டன் கவுண்டியில் வகுப்பு டிரெய்லரைப் பள்ளி வளாகத்திலேயே நிறுத்தியிருந்தார்கள். 2009இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. டிரெய்லர் சாலைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தால் கதையே வேறு. சில அடி தூரம்தான் வித்தியாசம், ஆனால் சட்டம் பார்ப்பது அதைத்தான்: பள்ளியின் இடமும் பணமும் ஆட்களும் இதில் படுகிறதா என்று. புகார் எழுதும்போது "மதம் கூடாது" என்று எழுதாதீர்கள். எந்தத் தேதியில், எந்த அறையில், எந்த ஊழியர் என்ன செய்தார் என்று எழுதுங்கள்.

மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் என்பதை மறப்பது இன்னொரு தவறு. ஒஹாயோவில் முன்பு பள்ளி மாவட்டங்கள் விரும்பினால் அனுமதிக்கலாம் என்று இருந்தது. கொலம்பஸை ஒட்டிய வெஸ்டர்வில் மாவட்டம் 2024இல் தன் அனுமதியை ரத்தும் செய்தது. 2025 ஜனவரியில் ஆளுநர் மைக் டிவைன் கையெழுத்திட்ட சட்டம், எல்லா மாவட்டங்களும் இதற்கு இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்றாக்கிவிட்டது. நியூயார்க்கில் நேரத்துக்கு வரம்பு உண்டு. தென் கரோலினாவில் உயர்நிலை மாணவர்களுக்கு கிரெடிட்டே கிடைக்கும். டெக்சாஸில் இருக்கும் மச்சான் சொன்னதை நம்பி ஒஹாயோவில் முடிவெடுக்காதீர்கள்.

கடைசியாக, இது கிறிஸ்தவர்களுக்கு மட்டுமான சலுகை என்று நினைப்பது. நியூயார்க்கில் யூதப் பிள்ளைகளுக்குப் பல பத்தாண்டுகளாக இந்த வகுப்புகள் நடக்கின்றன. யூட்டாவில் மார்மன்களின் செமினரி என்ற மதவகுப்புக் கட்டடம் உயர்நிலைப் பள்ளிக்குப் பக்கத்திலேயே நிற்கும். ஒஹாயோவின் மேரிஸ்வில்லில் கடவுள் நம்பிக்கை இல்லாத சாத்தானிக் டெம்பிள் அமைப்பும் 2024இல் தன் வகுப்பைத் தொடங்கியது, மாவட்டத்தால் மறுக்க முடியவில்லை. கோயிலோ பள்ளிவாசலோ கேட்டாலும் அதே விதிதான். தடங்கல் சட்டத்தில் இல்லை. செவ்வாய்க்கிழமை மதியம் பதினொன்றரை மணிக்கு வேலையை விட்டு வரக்கூடிய நான்கு பெரியவர்கள், காப்பீடு உள்ள ஒரு வண்டி, பள்ளியிலிருந்து ஐந்து நிமிடத்தில் ஓர் இடம் வேண்டும். நம் கோயில்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, ஹைவே ஓரம்தான் இருக்கின்றன.