அளவு ஜாக்கெட்டை மாற்றுங்கள்: இளைத்த உடம்போடு பழகுவது எப்படி

மதுரையில் 22 வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். ஒரு நாளைக்கு நாலைந்து பேருக்காவது டேப் பிடிப்பேன். இத்தனை வருடத்தில் வலது தோளும் இடது தோளும் ஒரே மட்டத்தில் இருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். யாருக்கும் ஒரு பக்கம் கால் அங்குலமாவது இறங்கித்தான் இருக்கும். ‘தோளைச் சரி பண்ணிக்கொண்டு வாருங்கள்’ என்று நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. துணியில் கால் அங்குலம் இறக்கி வெட்டுவேன், அவ்வளவுதான்.

இந்த நியாயம் என் உடம்பு என்று வந்தபோது எங்கே போனது என்று தெரியவில்லை.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.2 என்று வந்தபோது என் எடை 84 கிலோ. சர்க்கரை வாசலில் வந்து நிற்கிறது என்றார் டாக்டர். பதினான்கு மாதத்தில் 62 கிலோவுக்கு வந்தேன். விடிகாலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தது, இரவில் சோற்றுக்குப் பதில் சுண்டல், கடையில் தையலுக்கு நடுவே குடிக்கும் டீக்களை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தது, இதெல்லாம் தனிக் கதை. அதற்கு யோசனை சொல்ல ஊரில் ஆள் நிறைய உண்டு. இளைத்த பிறகு என்ன செய்வது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

எடை குறைந்தால் கல்யாணமான புதிதில் இருந்த உடம்பு திரும்பி வரும் என்று எப்படியோ நம்பிக்கொண்டிருந்தேன். வந்தது வேறு. அடிவயிற்றில் தோல் ஒரு மடிப்பாகத் தொங்கியது. மேல்கை ஆடியது. மார்பு இறங்கியது. சீட் அளவு, அதாவது பின்புறத்தின் சுற்றளவு மட்டும் நினைத்த அளவுக்குக் குறையவில்லை. தைக்கிறவர்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும்: லைனிங் துணியை முதலிலேயே நனைத்துக் காயவைக்காமல் தைத்துவிட்டால், முதல் துவைப்பில் உள்துணி சுருங்கி, மேல்துணி தளர்ந்து நிற்கும் பாருங்கள், அதேதான். கடைக்குள் திரைச்சீலைக்குப் பின்னால் இருக்கிற கண்ணாடி முன்னால் நின்று, இதற்கா இத்தனை பாடு என்று அழுதேன். வாசலில் ஒரு அம்மா அவசர ஆல்டரேஷனோடு காத்துக்கொண்டிருந்ததால் சீக்கிரம் முடித்துக்கொண்டேன்.

சரி, அதற்குப் பிறகு என்ன செய்தேன், எது உதவியது என்பதைச் சொல்கிறேன்.

எது எலும்பு, எது தோல், எது கொழுப்பு

முதலில் உங்களுக்குப் பிடிக்காத இடங்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எதனால் ஆனது என்று எழுதுங்கள். என் பட்டியலில் பாதி, மாறவே மாறாத சமாச்சாரம் என்று இதைச் செய்த பிறகுதான் தெரிந்தது.

இடுப்பெலும்பின் அகலம், தோள் அகலம், நெஞ்சுக்கூடு, இதெல்லாம் எலும்பு. பட்டினி கிடந்தாலும் எலும்பு ஒடுங்காது. எனக்கு சீட் 45 அங்குலத்திலிருந்து 39க்கு வந்து நின்றுவிட்டது. என் அம்மாவுக்கும் அப்படித்தான், அக்காவுக்கும் அப்படித்தான்.

கொழுப்பு எங்கே சேரும், எங்கிருந்து முதலில் போகும் என்பதைப் பரம்பரையும் ஹார்மோனும் முடிவு செய்கின்றன. நாம் இடம் பார்த்துக் கரைக்க முடியாது. வயிற்றுக்கான பயிற்சியை நூறு தடவை செய்தால் அடியில் இருக்கிற தசை உறுதியாகும், நல்லது. ஆனால் அதன் மேல் இருக்கிற கொழுப்பு மட்டும் தனியாகக் கரையாது. இளைக்கும்போது கொழுப்புச் செல்கள் பெரும்பாலும் சுருங்கத்தான் செய்கின்றன, எண்ணிக்கையில் அப்படியே இருக்கின்றன. கொஞ்சம் அசந்தால் எடை திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தோல் இருக்கிறதே, அது பல வருடம் இழுபட்டு நின்றது. அதற்குள் இருக்கிற கொலாஜன், எலாஸ்டின் இழைகள் தளர்ந்துபோயிருக்கும். பழைய ஜட்டி எலாஸ்டிக்கை நினைத்துக்கொள்ளுங்கள், மன்னிக்கவும், எனக்கு உவமை கடையிலிருந்துதான் வரும். வயது, எத்தனை வருடம் பருமனாக இருந்தீர்கள், எவ்வளவு குறைத்தீர்கள் என்பதைப் பொறுத்து ஒன்றிரண்டு வருடத்தில் கொஞ்சம் இறுகும். முழுக்க இறுகாது. இறுக்கித் தருகிறேன் என்று விற்கிற கிரீமுக்கு நானும் காசு கொடுத்தேன், தோல் மினுமினுப்பானதுதான் மிச்சம். வரித்தழும்புகளும் அப்படியே. சிவப்பாக இருந்தது நாளடைவில் வெளிறும், அழியாது.

இரண்டு பிள்ளை பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் இரண்டையும் ஆபரேஷனில் பெற்றவள். இளைத்த பிறகும் வயிறு முன்னால் தள்ளி நின்றால் அது கொழுப்பாகவே இருக்க வேண்டியதில்லை. கர்ப்பத்தில் வயிற்றுத் தசை நடுவில் விலகி, அப்புறம் சரியாகச் சேராமல் நின்றுபோவது உண்டு. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்கி, தொப்புளுக்கு மேலும் கீழும் விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் பள்ளம் தட்டினால் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். அதற்கென்று தனிப் பயிற்சிகள் இருக்கின்றன. தெரியாமல் தம் கட்டி எழுந்து உட்காரும் பயிற்சிகளைச் செய்துகொண்டிருந்தால் சிலருக்கு இன்னும் தள்ளும்.

இந்தத் தாளை எழுதி முடித்தபோது, நான் மாற்றக்கூடியது என்று மிஞ்சியது தசை மட்டும்தான். வாரம் மூன்று நாள் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குகிறேன், நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுகிறேன். மேல்கை இன்னும் ஆடுகிறது. ஆனால் 20 கிலோ அரிசி மூட்டையை யாரையும் கூப்பிடாமல் உள்ளே எடுத்து வைக்கிறேன்.

பழைய அளவைக் கழற்றிப் போடுவது

நான் எழுத வந்ததே இதற்காகத்தான்.

தையல்காரியிடம் வருகிற பெண்கள் இரண்டு வகை. இளைக்கப் போகிறவள், இளைத்தவள். இளைக்கப் போகிறவள், “அக்கா, கொஞ்சம் டைட்டாவே தைங்க, அதுக்குள்ள குறைச்சுருவேன்” என்பாள். அந்த ஜாக்கெட் பீரோவிலேயே கிடந்து மடிப்பில் இற்றுப்போகும். இளைத்தவளோ பழைய அளவு ஜாக்கெட்டையே கொண்டுவந்து, “இதுல ரெண்டு இஞ்ச் பிடிச்சிருங்க போதும்” என்பாள். இரண்டு பேரும் இன்றைக்கு இருக்கிற உடம்பை அளக்க விடமாட்டார்கள். நானும் எட்டு மாதம் இரண்டாவது ரகமாகத்தான் இருந்தேன். தையல்காரி தன் ஜாக்கெட்டைச் சேஃப்டி பின் குத்திப் போட்டுக்கொண்டு திரிந்தாள் என்றால் நம்புவீர்களா?

சைடு பிடிப்பதற்கு ஒரு எல்லை உண்டு. மொத்தச் சுற்றில் ஒன்றரை, இரண்டு அங்குலம் வரை பிடிக்கலாம். அதற்கு மேல் பிடித்தால் கை சேர்கிற வளைவு, ஆர்ம்ஹோல் என்போம், அது கெட்டு, அக்குளில் துணி சுருண்டு நிற்கும். தோள் அகலமும், மார்பு வடிவத்துக்காகப் பிடிக்கிற டார்ட் மடிப்பும் பழைய உடம்புக்கு வெட்டியதுதானே? 84 கிலோவில் என் டார்ட் முனை இருந்த இடம் வேறு, 62 கிலோவில் வேறு. முக்கால் அங்குலம் கீழே இறங்கியிருக்கிறது. அதை இறக்காமல் சைடை மட்டும் பிடித்தால் துணி கூம்பிக்கொண்டு நிற்கும். கண்ணாடியில் பார்த்துவிட்டு நம் உடம்புதான் அசிங்கம் என்று நினைத்துக்கொள்வோம். தப்பு வெட்டில் இருக்கிறது.

அதனால் எடை ஒரு மூன்று மாதம் கூடாமல் குறையாமல் நின்றதும், புதிதாக அளவு எடுங்கள். தையல்காரியிடம் போய் நேரில் டேப் பிடிக்கச் சொல்லுங்கள். போகும்போது அளவான, புது உள்ளாடை போட்டுக்கொண்டு போங்கள். பழைய பெரிய பிராவோடு வந்தால் எந்த அளவும் சரியாக வராது. மூச்சை இழுத்துப் பிடிக்காதீர்கள். எல்லாரும் இழுத்துப் பிடிக்கிறார்கள், நான் ஊரில் மழை பெய்ததா என்று எதையாவது கேட்பேன், பதில் சொல்லும்போது வயிறு தானாக இறங்கும், அப்போது அளப்பேன். முதலில் விலை குறைந்த டூ பை டூ துணியில் ஒன்று தைத்துப் போட்டுப் பாருங்கள். கை தூக்கி, குனிந்து, பேருந்துக் கம்பியைப் பிடிப்பதுபோல நின்று பாருங்கள். சரியாக இருந்தால் அதுதான் இனி அளவு ஜாக்கெட். உள்ளே இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். தீபாவளிக்கு இரண்டு கிலோ ஏறும், மார்கழியில் இறங்கும், அதற்கெல்லாம் அழ முடியாது.

பழையதில் மனசுக்கு நெருக்கமான ஒன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்துவிடுங்கள். ‘திரும்ப குண்டானால் வேணுமே’ என்று எடுத்து வைக்கிற ஜாக்கெட்டும், ‘இன்னும் இளைச்சா போடலாம்’ என்று எடுத்து வைக்கிற ஜாக்கெட்டும் பீரோவைத் திறக்கும்போதெல்லாம் உங்களோடு பேசும்.

எடை மிஷினில் தினம் ஏறாதீர்கள். உப்பு, தண்ணீர், மாதவிடாய் என்று ஒன்றிரண்டு கிலோ தானாகவே ஆடும். டாக்டர்கள் பார்க்கிற இடுப்பளவு ஒன்று உண்டு: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு. சேலை கட்டுகிற இடம் இல்லை. இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள், ஆண்களுக்கு 90க்குள் இருந்தால் நல்லது என்பது கணக்கு. எனக்கு 81. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நோட்டில் எழுதிவிட்டு மூடிவிடுவேன்.

மடிப்பும் அரிப்பும்

ஏற்றுக்கொள்வது மனசு சம்பந்தப்பட்டது என்கிறார்கள். மதுரை வெயிலில் அது முதலில் வேர்வை சம்பந்தப்பட்டது. அடிவயிற்று மடிப்பிலும் மார்புக்குக் கீழும் ஈரம் தங்கினால் தோல் சிவந்து எரியும், பூஞ்சை பிடிக்கும். குளித்ததும் மடிப்பைத் தூக்கி, தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். நான் பழைய வேட்டித் துணியை ஒரு முழம் கிழித்து, பகலில் மடிப்புக்குள் வைத்துக்கொள்கிறேன், மதியம் மாற்றுவேன். அரிக்கிறது என்று மருந்துக் கடையில் கேட்டு ஏதாவது களிம்பை வாங்கிப் பூசாதீர்கள். அப்படி விற்கிற கூட்டுக் களிம்பு பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாள் அடங்கும், பிறகு படர்தாமரை பரவும். தோல் டாக்டரிடம் போங்கள்.

மடிப்பு நடப்பதற்கே தொந்தரவு, புண் ஆறவே மாட்டேன் என்கிறது என்றால் அறுவை சிகிச்சை பற்றிக் கேட்பதில் வெட்கம் எதற்கு? எடை பல மாதம் நிலையாக இருந்தால்தான் செய்வார்கள், நீளமான தழும்பும் மிஞ்சும். எனக்கு அவ்வளவு தொல்லை இல்லை, விட்டுவிட்டேன்.

முடி கொட்டினால் பயப்படாதீர்கள். வேகமாக இளைத்தால் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டும், சாப்பாடு சரியாக இருந்தால் பெரும்பாலும் சில மாதத்தில் நிற்கும்.

“என்னடி, சுகரா?”

நம் ஊரில் இளைத்தால் பாராட்டு வராது, விசாரணை வரும். கன்னம் ஒட்டிப்போச்சு, கழுத்து எலும்பு தெரியுது, வீட்டில் ஏதும் பிரச்சினையா? என் அத்தை, மாமியாரைத்தான் சொல்கிறேன், “பூசினாப்ல இருந்தப்பத்தான் லட்சணமா இருந்தே” என்றார். அதே வாய்தான் மூன்று வருடத்துக்கு முன்னால் “ஆட்டோவில பாதி நீயே அடைச்சுக்கிறே” என்றது. இரண்டு உடம்பையும் அவருக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தபோது எனக்கு ஒரு நிம்மதி.

பதில் ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், நீளமாக வேண்டாம். “ஆமா அத்தை, டெஸ்ட் எல்லாம் நல்லா வந்திருக்கு” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவேன். ஆனால் ஒன்று. முயற்சி எதுவும் செய்யாமல் எடை குறைந்தால் அந்த விசாரணை சரியான விசாரணைதான், டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை, தைராய்டு, காசநோய் எதுவாகவும் இருக்கலாம்.

சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறீர்கள், சோற்றைக் கண்டாலே பயம் வருகிறது, உடம்பை நினைத்து விசேஷ வீடுகளுக்கே போவதில்லை என்றால் இந்தத் தையல்காரியின் யோசனை போதாது. டெலி மானஸ் என்று அரசின் இலவச மனநலத் தொலைபேசி இருக்கிறது, எண் 14416, தமிழில் பேசலாம்.

கண்ணாடியைப் பற்றிக் கேட்பீர்கள். எனக்கு அது இன்னும் முழுக்கச் சரியாகவில்லை. கடைக் கண்ணாடியில் நடந்து போகிற உருவத்தைப் பார்த்து யாரோ என்று நினைக்கிறேன், பேருந்தில் இன்னும் ஒன்றரை ஆள் இடம் பார்த்துத்தான் உட்காருகிறேன். மொபைலை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து எடுக்கிற படத்தை மட்டும் நம்புவதில்லை, அது மூக்கைப் பெரிதாக்கிக் காதைச் சிறிதாக்கும்.

கை நீளம் விஷயத்திலும் அப்படித்தான் இழுத்துக்கொண்டிருந்தேன். ஆடுகிற மேல்கையை மறைக்க எல்லா ஜாக்கெட்டுக்கும் முழங்கை வரை கை வைத்தேன். போன சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று, எங்கள் தெருவில் நீர்மோர்ப் பந்தல். வெயிலுக்குப் பயந்து, புது அளவில் ஐந்து அங்குலக் கை வைத்த பருத்தி ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அண்டா முன்னால் நின்றேன். ஒவ்வொரு கரண்டிக்கும் கைச்சதை ஆடியது, எனக்கே தெரிந்தது. வரிசையில் வந்த பெண் என் கையைத்தான் பார்த்தாள். “அக்கா, எனக்குக் கொஞ்சம் அடியில கலக்கி ஊத்துங்க, மேல ஒரே தண்ணியா இருக்கு” என்றாள்.