கிளிப்போர்டை நம்பி கட் செய்யாதீர்கள்

நீண்ட அறிக்கை ஒன்றைத் திருத்தும்போது நான்கு பத்திகளை இடம் மாற்ற நினைத்து, நான்கையும் அடுத்தடுத்து கட் செய்து ஃபைலைச் சேமித்தும் விட்டேன். கட், காப்பி செய்தவை தற்காலிகமாகத் தங்கும் இடம்தான் கிளிப்போர்டு; எல்லாம் அதன் வரலாற்றுப் பட்டியலில்தானே இருக்கிறது என்ற தைரியம். நடுவில் கணினி ரீஸ்டார்ட் ஆனது. திரும்ப வந்து பார்த்தால் ஃபைலிலும் பத்திகள் இல்லை, கிளிப்போர்டிலும் இல்லை. அன்றிலிருந்து முதலில் காப்பி செய்து, புது இடத்தில் ஒட்டி, சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பழையதை அழிக்கிறேன்.

விண்டோஸ் 10-இல் 2018 அக்டோபர் அப்டேட்டோடு வந்தது, கடைசியாகக் காப்பி செய்ததை மட்டுமல்லாமல் முந்தையவற்றையும் பட்டியலாக வைத்திருக்கும் கிளிப்போர்டு வரலாறு. விண்டோஸ் விசையோடு வி-யை அழுத்தினால் பட்டியல் திறக்கும். முதல் முறை அதை ஆன் செய்ய வேண்டும். அதற்கு முன் காப்பி செய்து, மேலெழுதப்பட்டுப் போனவை அதில் கிடைக்காது. 25 வரைதான் இடம். 26-ஆவது வந்ததும் ‘பின்’ (pin) செய்யாதவற்றில், அதாவது போகாமல் இருக்கும்படி பட்டியலில் குத்தி வைக்காதவற்றில், மிகப் பழையது போய்விடும். ரீஸ்டார்ட் ஆனாலும் பின் செய்தவை மட்டுமே மிஞ்சும். அடிக்கடி ஒட்டும் முகவரி, பதில் வாசகம் போன்றவற்றை மறக்காமல் பின் செய்யுங்கள். ஃபோல்டரிலிருந்து காப்பி செய்யும் ஃபைல்களும், 4 எம்பியைத் தாண்டும் படங்களும் பட்டியலில் வராது.

எனக்கு மிகவும் கவலை தருவது பாஸ்வேர்டு. ஒரு முறை காப்பி செய்து ஒட்டியதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் அது பட்டியலில் எழுத்துக்கு எழுத்து அப்படியே தெரியும். கூட்டத்தில் திரையைப் பகிர்ந்துகொண்டே பட்டியலைத் திறந்தால் எல்லோரும் படித்துவிடலாம். பல பாஸ்வேர்டு மேனேஜர்கள் தாங்கள் காப்பி செய்வதை வரலாற்றில் சேர்க்க வேண்டாம் என்று விண்டோஸுக்குச் சொல்லிவிடும். நோட்பேடிலிருந்து நாமே காப்பி செய்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒட்டிய கையோடு அந்த வரியின் மூன்று புள்ளிகளை அழுத்தி நீக்கிவிடுங்கள். மொத்தமாக அழிக்கும் பொத்தான் பின் செய்ததைத் தொடாது, அதனால் பாஸ்வேர்டைப் பின் செய்யவே கூடாது. மற்ற சாதனங்களோடு ஒத்திசைக்கும் வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்பதையும் அமைப்புகளில் பாருங்கள்.

அப்புறம், ஆஃபிஸ் கிளிப்போர்டு வேறு, விண்டோஸ் வரலாறு வேறு. வேர்டு, எக்செல் பக்கவாட்டில் திறக்கும் ஆஃபிஸ் கிளிப்போர்டு 24 உருப்படிகளை வைத்திருக்கும். ஆஃபிஸ் நிரல்கள் எல்லாவற்றையும் மூடினால் கடைசியாகக் காப்பி செய்தது மட்டுமே மிஞ்சும். எக்செல் சூத்திரத்தை அங்கிருந்து ஒட்டினால் சூத்திரம் வராது, விடை எண் மட்டுமே வரும். மொத்தக் கணக்கு பிறகு மாறாமல் நிற்பதைப் பார்த்துக் குழம்புவோம். சூத்திரம் வேண்டுமென்றால் காப்பி செய்த உடனேயே கண்ட்ரோல் வி-யால் ஒட்டிவிடுங்கள்.

இன்னொன்று: வரலாற்றிலிருந்து பழையதைத் தேர்ந்தெடுத்தால், அடுத்த கண்ட்ரோல் வி-யும் அதையேதான் ஒட்டும், கடைசியாகக் காப்பி செய்ததை அல்ல. இணையப் பக்கத்திலிருந்து எடுத்தது எழுத்துரு, நிறம் எல்லாவற்றையும் இழுத்து வந்தால், பல நிரல்களில் கண்ட்ரோல் ஷிஃப்ட் வி வெறும் எழுத்தை மட்டும் ஒட்டும்.

டிட்டோ, காப்பிக்யூ போன்ற தனி கிளிப்போர்டு மென்பொருள்கள் நூற்றுக்கணக்கில் சேர்த்து வைக்கும். அவை டிஸ்க்கில் எழுதுவதால் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் அழியாது, தவறிப் போய் காப்பி செய்த பாஸ்வேர்டும் உட்பட. நிறுவிய அன்றே, எந்த நிரல்களிலிருந்து எடுப்பதைச் சேமிக்கக் கூடாது என்று அமைத்துவிடுங்கள்.