இதழுக்கு எழுதி அனுப்பும்போது பெயரில் செய்யும் பிழைகள்

இதழுக்குப் படைப்பு அனுப்புகிறவர்கள் செய்யும் பிழைகளில் மிக மோசமானது, தனக்கு இல்லாத அடையாளத்தைப் பூண்டுகொள்வது. அமெரிக்கரான மைக்கேல் டெரிக் ஹட்சன் ஒரு கவிதையைத் தன் பெயரில் 40 முறை அனுப்பினார். எல்லாம் திரும்பி வந்தன. அப்புறம் யி-ஃபென் சௌ என்ற சீனப் பெயரில் அனுப்பினார். 9 முறை நிராகரிக்கப்பட்ட பின் 'பிரெய்ரி ஸ்கூனர்' என்ற அமெரிக்க இலக்கிய இதழ் அதை வெளியிட்டது. 'பெஸ்ட் அமெரிக்கன் பொயட்ரி 2015' தொகுப்பிலும் அது இடம்பிடித்தது. தேர்வான பிறகுதான் ஹட்சன் உண்மையைச் சொன்னார். தொகுப்பாசிரியர் ஷெர்மன் அலெக்ஸி கவிதையை நீக்கவில்லை. அந்தப் பெயருக்காகவே கூடுதலாகக் கவனித்ததை மறைக்கவும் இல்லை. இதில் பழி விழுந்தது ஆசிய அமெரிக்கக் கவிஞர்கள் தலையில். 'உங்கள் கவிதையும் பெயருக்காகத்தான் தேர்வானதோ' என்ற சந்தேகத்தை அவர்கள் சுமக்க வேண்டியிருந்தது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

இதனால் புனைபெயரே தப்பு என்று நினைத்துவிட வேண்டாம். குமுதத்தில் ரா.கி. ரங்கராஜன் என்ற எழுத்தாளர் ஏற்கெனவே இருந்ததால்தான் இன்னொரு ரங்கராஜன் மனைவியின் பெயரைப் போட்டு சுஜாதா ஆனார். கவிஞர் ராஜாத்தி வீட்டுக் கட்டுப்பாடுகளை மீறி எழுத, சல்மா என்ற பெயர் வேண்டியிருந்தது. இவர்கள் யாருடைய வாழ்க்கையையும் தன்னுடையது என்று சொல்லவில்லை. புனைபெயரில் எழுதினால் உண்மைப் பெயரையும் கடிதத்தில் ஆசிரியருக்குச் சொல்லிவிடுங்கள். சன்மானம் அந்தப் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்குத்தான் வரும்.

அடுத்தது, தன்குறிப்பை வைத்து ஆசிரியரை நெகிழ வைக்கப் பார்ப்பது. 'இந்தக் கதையின் ஒவ்வொரு வரியும் நான் பட்ட வலி' என்று கடிதத்தில் எழுதினால், ஆசிரியர் கதையை விட்டுவிட்டு உங்களை எடைபோடத் தொடங்குவார். ஊர், வேலை, முன்பு வெளியான இதழ்கள் என்று இரண்டு மூன்று வரி போதும். முதல் படைப்பு என்றால் அப்படியே சொல்லுங்கள், குறைவில்லை. பெண்களுக்கோ தலித் எழுத்தாளர்களுக்கோ என்று தனியாகப் படைப்பு கேட்டிருந்தால், அதற்குரியவர் கூச்சப்படாமல் ஒரு வரியில் சொல்லலாம். வாழ்க்கைக் கதை முழுவதையும் சாட்சியாகக் கொடுக்க வேண்டியதில்லை.

சில இதழ்களும் போட்டிகளும் பெயர் தெரியாமல் படித்துத் தேர்வு செய்கின்றன. அங்கே பலர் முதல் பக்கத்தில் பெயரை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பக்கத்தின் மேல் ஓரத்திலும் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கோப்பின் பெயரே 'கவிதா_சிறுகதை' என்று இருக்கும். வேர்டு கோப்பின் பண்புகளில் (Properties) எழுதியவர் பெயர் தானாகப் பதிந்திருக்கும். அனுப்பும் முன் அதையும் திறந்து அழித்துவிடுங்கள்.