சிகாகோவில் வீட்டு பீஃப் சாண்ட்விச்: கறி வாங்கும்போதே ஏமாறாதீர்கள்

சிகாகோ வந்த முதல் மாதத்திலேயே யாராவது உங்களை இத்தாலியன் பீஃப் கடைக்கு இழுத்துப் போய்விடுவார்கள். சாற்றில் தோய்த்தெடுத்த ரொட்டி, மெல்லிசாகச் சீவிய கறி. அடுத்த வாரமே அதை வீட்டில் செய்துபார்க்க ஸ்லோ குக்கர் (மணிக்கணக்கில் மெல்ல வேகவைக்கும் மின்சாரப் பாத்திரம்) வாங்கத் தோன்றும். வாங்குங்கள். ஆனால் கடையில் போடும் அதே கறியை வாங்காதீர்கள்.

அங்கே போடுவது பெரும்பாலும் டாப் ரவுண்டு மாதிரி கொழுப்பில்லாத தொடைக்கறி. முழுசாகச் சுட்டு, ஆறவைத்து, மிஷினில் காகிதம்போலச் சீவுவதால்தான் அது மெத்தென்று இருக்கிறது. ஸ்லோ குக்கரில் 8 மணி நேரம் போட்டால் தேங்காய் நார்தான். சாற்றிலேயே கிடந்தாலும் உள்ளே வறண்டுபோகும். ‘கொழுப்பில்லாம நல்ல கறியாப் போடுங்க பாய்’ என்று ஊரில் கேட்டுப் பழகிய வாயை இங்கே கொஞ்சம் கட்டுங்கள். கேட்க வேண்டியது சக் ரோஸ்ட், தோள்பட்டைக் கறி. கொழுப்பும் சவ்வும் வெள்ளை வெள்ளையாக ஓடியிருக்க வேண்டும். அந்தச் சவ்வு கரைந்துதான் கறி இளகும். ஹலால் கடையில் முந்திக்கொண்டு ‘முழுத்துண்டு’ என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் குழம்புக்கு வெட்டித் தந்துவிடுவார்கள்.

3 பவுண்டு கறியின் ஈரத்தை ஒற்றி, ஒன்றரை டீஸ்பூன் உப்பும் மிளகுத்தூளும் தடவி, காய்ந்த இரும்புச் சட்டியில் எல்லாப் பக்கமும் சிவக்க வாட்டுங்கள். குக்கரில் ஒரு வெங்காயம், 6 பல் பூண்டு, ஒரு டீஸ்பூன் ஆரிகனோ, வினிகரில் ஊறிய பெப்பரோன்சினி மிளகாய் பத்து, அது ஊறிய வினிகர் கால் கப், உப்பு குறைந்த பீஃப் பிராத் (மாட்டுக்கறிச் சாறு) ஒரு கப். அவ்வளவுதான். பிரஷர் குக்கர் நினைப்பில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கறியே தண்ணீர் விடும். ‘லோ’வில் 8 முதல் 10 மணி நேரம்.

ஆறாவது மணியில் குத்திப் பார்த்தால் ரப்பர் மாதிரி இருக்கும். வெந்தது அதிகமாகிவிட்டதென்று பலர் பதறி அணைத்துவிடுகிறார்கள். அதிகமில்லை, போதவில்லை! உள்ளே 200 டிகிரி ஃபாரன்ஹீட்டை நெருங்கும்போது, முள்கரண்டியைச் செருகித் திருகினால் கறி தானாகப் பிரியும். அதுவரை மூடியைத் தொடாதீர்கள். ஒவ்வொரு திறப்புக்கும் 20 நிமிஷமாவது கூடும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கறியை அப்படியே போடவே கூடாது. 40 டிகிரிக்கும் 140 டிகிரிக்கும் நடுவே நெடுநேரம் கிடந்தால் கிருமி பெருகும். முதல் நாளே ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள்.

சாற்றின் மேல் மிதக்கும் கொழுப்பை வழித்துவிட்டு, பிய்த்த கறியை அதிலேயே பத்து நிமிஷம் ஊறவிடுங்கள். பர்கர் பன் சாறு பட்டதும் கூழாகிவிடும். மேல்தோல் கெட்டியான நீள ரோல்தான் தாங்கும்.

கரம் மசாலா போடக் கை துறுதுறுக்கும், வேண்டாம். காரத்துக்கு ஜார்டினேரா இருக்கிறது: பச்சை மிளகாய், காரட், செலரி, காலிஃப்ளவர் எல்லாம் எண்ணெயில் ஊறிய இந்த ஊர் ஊறுகாய். ‘ஹாட்’ என்று எழுதிய பாட்டிலை எடுங்கள். ‘மைல்ட்’ நம் நாக்குக்கு உறைக்காது. அடியில் மிஞ்சும் எண்ணெய் மறுநாள் தோசைக்கு ஆகும்.