ஹைட்ராஞ்சியா கொத்து ஜாடியில் வாடாமல் நிற்க என்ன செய்தேன்

கொடைக்கானலில் எங்கள் வீட்டு வேலியோரம் நீல ஹைட்ராஞ்சியா கொத்துக் கொத்தாகப் பூக்கும். பறித்து ஜாடியில் வைத்தால் சாயங்காலத்துக்குள் கொத்து முழுக்கத் துவண்டு தலை தொங்கிவிடும், இத்தனைக்கும் ஜாடி நிறையத் தண்ணீர் இருக்கும், கூடவே வைத்த டாலியாவும் ரோஜாவும் நிமிர்ந்தே நிற்கும்.

தண்ணீரில் சர்க்கரை போட்டுப் பார்த்தேன், தண்ணீர் கலங்கி வாடை அடித்ததுதான் மிச்சம். ஆஸ்பிரின் பொடித்துப் போட்டும் பலனில்லை. சரி, ஜன்னல் வெயில்தான் காரணமோ என்று இடம் மாற்றினேன், அப்போதும் அதே கதை.

அப்புறம் வாடிய கொத்தின் காம்பைத் திரும்ப வெட்டும்போதுதான் கவனித்தேன், பழைய வெட்டுமுனை பிசுபிசுவென்று இருந்தது. இந்தச் செடியின் சாறு வெட்டிய இடத்தில் கசிந்து அடைத்துக்கொள்கிறது, தண்ணீர் எப்படி மேலே ஏறும்?

மறுநாள் வெயில் ஏறுமுன் பறித்து, பெரும்பாலான இலைகளைக் கிள்ளிவிட்டு, காம்பைச் சாய்வாக வெட்டி, கொதிக்கவைத்து இறக்கிய வெந்நீரில் நுனியை மட்டும் 30 விநாடி வைத்தேன். ஆவி பூவில் படக்கூடாது. பிறகு கொத்தைத் தலைகீழாகப் பக்கெட் குளிர்ந்த நீரில் முழுக்க அமிழ்த்தி ஒரு மணி நேரம் விட்டேன். இதழ் என்று நாம் நினைப்பவை உண்மையில் புல்லி இதழ்கள் (பூவின் வெளிச்சுற்று இதழ்கள்), அவையே நேராக நீரை உறிஞ்சிக்கொள்ளும். முந்தைய நாள் தொங்கிப்போன கொத்துகூட இப்படிச் செய்ததும் நிமிர்ந்துவிட்டது. நிம்மதி!

இன்னொன்று, புதிதாக விரிந்த மெல்லிய கொத்தைத் தொடாதீர்கள். தொட்டால் காகிதம் போல மொடமொடப்பாக இருக்கும் முற்றிய கொத்துதான் ஜாடியில் தாங்கும்.