ஸ்டார்ட் ஆகத் தயங்கும் பழைய எம்.பி.எஃப்.ஐ. கார்: பழுது தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2000ஆம் ஆண்டையொட்டி இந்தியாவில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது, சிறிய கார்களில், காற்றோடு பெட்ரோலைக் கலந்து கொடுக்கும் கார்புரேட்டருக்கு வேலை இல்லாமல் போயிற்று. மாருதி 800, ஜென், ஆல்ட்டோ, சான்ட்ரோ என்று அக்காலத்தில் எம்.பி.எஃப்.ஐ. (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இன்ஜெக்டர் வழியே பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) என்ற எழுத்துகளைப் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டு வந்த கார்களில் பல இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. நல்ல நிலையில் உள்ள இத்தகைய என்ஜின், சாவியைத் திருப்பிய ஓரிரு விநாடிகளில் பற்றிக்கொள்ள வேண்டும். ஐந்தாறு விநாடிகள் சுற்றிய பிறகே பற்றுகிறது என்றால் எங்கோ ஏதோ தேய்ந்திருக்கிறது. அதைத் தேடும் வழியில்தான் பலர் தேவையில்லாமல் பணத்தை இழக்கிறார்கள். பெரும்பாலும் காரணம், பழுது எப்போது தோன்றுகிறது என்று பார்ப்பதற்கு முன்பே எந்தப் பாகத்தை மாற்றலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவதுதான்.

முதல் தவறு, எல்லாவற்றையும் ‘ஸ்டார்ட்டிங் டிரபிள்’ என்ற ஒரே பெயரில் அடைப்பது. ஸ்டார்ட்டர் மோட்டார் முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றுவது ஒன்று. அது வழக்கமான வேகத்தில் சுற்றியும் என்ஜின் பற்றாமல் இழுப்பது வேறொன்று. முன்னது மின்சாரத்தின் குறை. பின்னது பெட்ரோல், தீப்பொறி, அல்லது இவ்விரண்டையும் அளந்து கொடுக்கும் கணினிப் பெட்டியைச் சேர்ந்த குறை. காதால் கேட்டே பிரித்துவிடக்கூடிய இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் காரை மெக்கானிக்கிடம் விட்டால், அவர் எங்கிருந்து தொடங்குவார் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

மெதுவாகச் சுற்றும் காருக்குப் புதிய பேட்டரி வாங்குவது அடுத்த தவறு; சில நேரம் அது சரியான தீர்வாகவும் இருக்கும் என்பதால்தான் இந்தத் தவறு நிலைத்திருக்கிறது. இரவு முழுதும் ஓய்வில் இருந்த, முழுச் சார்ஜுள்ள பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்ட வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடாது. இந்த இரண்டு அளவுகளும் சரியாக இருந்தும் மோட்டார் முனகினால், பேட்டரியைக் குறை சொல்வதில் பொருளில்லை. என்ஜினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் ஒயர்களும் பச்சை பூத்த டெர்மினல்களும் இருபது வயதுக் கார்களில் முதல் சந்தேகத்துக்கு உரியவை. இங்கேயும் ஒரு வழுக்கல் உண்டு. எர்த் ஒயரை மல்டிமீட்டரின் ஓம் பகுதியில் வைத்துப் பார்த்து ‘நன்றாக இருக்கிறது’ என்று முடிவு செய்துவிடுவார்கள். உள்ளே ஒரே ஒரு செம்பு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் அப்படித்தான் காட்டும். ஆனால் ஸ்டார்ட்டர் கேட்கும் பெரும் மின்னோட்டத்தை அந்த ஒற்றை இழையால் தாங்க முடியாது. மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை என்ஜின் பிளாக்கிலும் பிடித்துக்கொண்டு ஒருவரைச் சாவி திருப்பச் சொல்ல வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குறை ஒயரிலோ அதன் இணைப்பிலோ இருக்கிறது.

மோட்டார் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பற்றவில்லை என்றால், எந்தப் பாகத்தையும் தொடுவதற்கு முன், தாமதம் எப்போது வருகிறது என்பதைச் சில நாள் கவனியுங்கள். காலையில் முதல் முறை மட்டும் இழுக்கிறதா? ஓடிச் சூடான காரைக் கடை வாசலில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு வந்த பிறகு இழுக்கிறதா? நிறுத்திய உடனே மறுபடி திருப்பினால் பற்றிவிடுகிறதா? காலைக் குளிரில் மட்டும் வரும் குறை, பட்டறைக்கு ஓட்டிச் சென்ற சூடான காரில் தெரியவே தெரியாது. அத்தகைய காரை முந்தின மாலையே பட்டறையில் விட்டுவிட்டு, மெக்கானிக் மறுநாள் காலை முதல் சாவியைத் தானே திருப்பிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்வது நல்லது.

நீண்ட நேரம் நின்ற பிறகு மட்டும் தயங்கும் கார்களில் நான் முதலில் சந்தேகிப்பது, குழாயில் தேங்கி நிற்க வேண்டிய பெட்ரோல் அழுத்தத்தைத்தான். இத்தகைய என்ஜின்களின் இன்ஜெக்டர்களுக்குப் பொதுவாக இரண்டரை முதல் மூன்று பார் அழுத்தம் தேவைப்படுகிறது. துல்லியமான எண் காருக்குக் கார் மாறும் என்பதால் அந்தந்தக் காரின் பழுதுநீக்கக் கையேட்டைப் பார்க்க வேண்டும். என்ஜினை நிறுத்திய பிறகும் அந்த அழுத்தத்தின் பெரும்பகுதி குழாயிலேயே நிற்க வேண்டும். அது வடிந்துவிட்டால், மறுமுறை பம்ப் குழாயை நிரப்பி முடிக்கும்வரை ஸ்டார்ட்டர் வீணாகச் சுற்றும். இதைச் செலவில்லாமல் சோதிக்கலாம். சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்ததும், பின் இருக்கைப் பக்கம் பம்ப் ஏறக்குறைய இரண்டு விநாடி ஓடி நிற்கும் ஒலி கேட்கும். ஸ்டார்ட்டரைச் சுற்றாமல், இப்படி மூன்று முறை ஆன் செய்து ஆஃப் செய்துவிட்டு, அதன் பின் ஸ்டார்ட் செய்து பாருங்கள். உடனே பற்றிக்கொண்டால், அழுத்தம் வடிகிறது என்பதற்கு அது வலுவான அடையாளம்.

இந்த அடையாளம் கிடைத்ததும் ‘பம்ப் போய்விட்டது’ என்று தீர்ப்பளிப்பதுதான் அடுத்த தவறு. அழுத்தம் வடிய மூன்று வழிகள் உண்டு: பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு, அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர், சொட்டும் இன்ஜெக்டர். ரெகுலேட்டர் என்ஜின் பக்கம் இருக்கும் கார்களில் அதன் சிறிய வாக்குவம் குழாயைக் கழற்றிப் பார்த்தால் போதும்; அதற்குள் பெட்ரோல் ஈரமோ வாடையோ இருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர்ச் சவ்வு கிழிந்திருக்கிறது. இன்ஜெக்டர் சொட்டினால் வேறு முகம் காட்டும்: பற்றியதும் என்ஜின் சற்று நேரம் தடுமாறும், சைலன்சரில் கரும்புகையும் பெட்ரோல் வாடையும் வரும். இவை இரண்டும் இல்லையென்றால்தான் டாங்கிக்குள் இருக்கும் பம்பின் பக்கம் போக வேண்டும். பம்ப்தான் இவற்றுள் விலை அதிகம். ஆனாலும் அதைத்தான் முதலில் மாற்றச் சொல்கிறார்கள்.

இந்தச் சோதனைகளுக்காகப் பெட்ரோல் குழாயை நேரடியாகக் கழற்றுவது தவறு மட்டுமல்ல, ஆபத்து. கார்புரேட்டர் குழாயில் பெட்ரோல் கசியும். இங்கே அது பீய்ச்சியடிக்கும். பம்பின் ஃபியூஸையோ ரிலேயையோ எடுத்துவிட்டு, என்ஜினை ஓடவிட்டுத் தானாக நிற்கச் செய்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிய பிறகே குழாயில் கை வைக்க வேண்டும்.

கார்புரேட்டர் காலத்துப் பழக்கமாக, சாவியைத் திருப்புமுன் ஆக்ஸிலரேட்டரை இரண்டு மூன்று முறை மிதிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு மிதிக்கும் கார்புரேட்டருக்குள் சிறிது பெட்ரோல் பீய்ச்சும். இன்ஜெக்‌ஷன் காரில் அப்படி எதுவும் நடப்பதில்லை, மிதி காற்று வழியை மட்டுமே திறக்கிறது. பல கார்களில் ஆக்ஸிலரேட்டரை முழுதும் அழுத்திக்கொண்டு சுற்றினால், என்ஜின் நனைந்துவிட்டது என்று கணினி எடுத்துக்கொண்டு இன்ஜெக்டர்களை நிறுத்தியே விடும். எனவே பதற்றத்தில் முழுதாக மிதிப்பவர் தம் காரைத் தாமே பட்டினி போடுகிறார். இதற்கு மாறாக, லேசாக, கால்வாசி மட்டும் அழுத்தினால் என்ஜின் உடனே பற்றுகிறது என்றால் அது பயனுள்ள துப்பு: காற்று நுழையும் வழியான த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கலாம், அல்லது ஐடில் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம். அங்கே சுத்தம் செய்தாலே பெரும்பாலும் போதும்.

டேஷ்போர்டில் வெப்பநிலை முள் சரியாக இருக்கிறது, ஆகவே டெம்பரேச்சர் சென்சார் நன்றாகவே இருக்கிறது என்ற முடிவும் ஏமாற்றும். பல பழைய கார்களில் முள்ளுக்கு ஒரு சென்சார், கணினிக்கு இரண்டு ஒயர் கொண்ட வேறொரு சென்சார். இரண்டாவது பொய் சொன்னால், குளிர்ந்த என்ஜினைச் சூடானது என்று நம்பிக் கணினி பெட்ரோலைக் குறைத்துக் கொடுக்கும். அல்லது சூடான என்ஜினைப் பனியில் நின்றதாக எண்ணி அள்ளி ஊற்றும். முதல் பொய் காலையில் இழுக்கும், இரண்டாவது கடை வாசலில் இழுக்கும். பல கார்களில் இந்தச் சென்சாரின் மின்தடை 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் ஏறத்தாழ 300 ஓம் இருக்கும். வெந்நீரும் மல்டிமீட்டரும் இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, என்ஜின் சூடாகும்வரை குளிர்நீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட். நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்று கழற்றி வீசிவிடும் பழக்கம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. கார்புரேட்டர் காரிலேயே அது நல்ல யோசனையல்ல. இன்ஜெக்‌ஷன் காரில் அது நேரான கெடுதல். என்ஜின் உரிய சூட்டை எட்டத் தாமதமாவதால், கணினி தேவைக்கு அதிகமாகவே பெட்ரோல் கொடுத்துக்கொண்டிருக்கும். பிளக்கில் கரி ஏறும். கரி ஏறிய பிளக் காலையில் தயங்கும். பிளக்கை மாற்றினால் சில வாரம் சரியாகி மறுபடி பழைய கதைதான்.

‘செக் என்ஜின்’ விளக்கு எரியவில்லை, ஆகவே மின்னணுப் பகுதியில் குறையில்லை என்று சொல்வதும் சரியல்ல. சென்சார் தரும் அளவு தவறாக இருந்தாலும், அது எல்லை தாண்டாதவரை விளக்கு பிடிக்காது. பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் சென்சாரே இந்தக் கார்கள் பலவற்றில் கிடையாது. மேலும், இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை விதிக்கு உட்பட்ட கார்களுக்கு ஓ.பி.டி. (கார் தன் பழுதைத் தானே கண்டறிந்து பதிவு செய்யும் முறை) கட்டாயமானது 2010 ஏப்ரலில்தான், அதன் இரண்டாம் நிலை 2013 ஏப்ரலில். அதற்கு முந்தைய பல கார்களோடு இணையத்தில் விற்கும் மலிவான புளூடூத் ஸ்கேனர் பேசவே பேசாது. அது பேசாததைக் கணினிப் பெட்டியின் பழுது என்று எண்ணிவிடக் கூடாது. பேசும் கார் என்றால், அது காட்டும் பழுதுக் குறியீடுகளை எழுதி வைத்துக்கொள்ளாமல் அழிப்பதும், சோதிக்கும் முன்பே பேட்டரியைக் கழற்றுவதும் கிடைத்த தடயத்தைத் துடைப்பதாகும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஸ்கேனரில் ஆர்.பி.எம். பூஜ்யமாகவே நின்றால், என்ஜின் சுற்றுவதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரைப் பாருங்கள். அது சூட்டில் செத்து, ஆறியதும் உயிர்பெறும் குணமுடையது.

தீப்பொறி இருக்கிறதா என்று பார்க்கப் பிளக் ஒயரைக் கழற்றி வெறும் காற்றில் தொங்கவிட்டுச் சுற்றுவது இக்னிஷன் காயிலையும் கணினியையும் பதம் பார்க்கும். பழைய பிளக் ஒன்றை ஒயரில் மாட்டி, அதன் உடலை என்ஜினோடு ஒட்டிவைத்து, பெட்ரோல் வாடை இல்லாத இடத்தில் பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டரையும் ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் சுற்றாமல், இடையே அரை நிமிடமாவது ஆறவிட வேண்டும்.

எரிவாயு கிட் பொருத்திய பழைய கார்களில் இன்னொரு தவறு சேர்ந்துகொள்கிறது. எப்போதும் கேஸில் ஓடுவதால் பெட்ரோல் டாங்கியை ஏறக்குறைய காலியாகவே வைத்திருப்பார்கள். டாங்கிக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பது பெட்ரோல்தான். அது குறைந்தால் பம்பின் ஆயுளும் குறையும். பயன்படாத இன்ஜெக்டர்களில் பிசின் படிந்து, காலையில் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்யும்போது தயங்கும். கால் டாங்கியாவது பெட்ரோல் வைத்து, வாரத்தில் சில கிலோமீட்டர் அதிலேயே ஓட்டுவது இந்த இரண்டுக்கும் உதவும்.

இறுதியாக, பாகம் மாற்றியே ஆகவேண்டும் என்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பிளக், ஃபில்டர், சென்சார், பம்ப் என்று நான்கையும் ஒரே நாளில் மாற்றிய காரில் எது பழுதாக இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வேலை சரியாக முடிந்ததா என்பதையும், பழுது தோன்றிய அதே நிலையில்தான் பார்க்க வேண்டும். காலையில் இழுத்த காரை மாலையில் பட்டறை வாசலில் ஸ்டார்ட் செய்து காட்டினால் அது எதையும் நிரூபிக்காது. மறுநாள் காலை முதல் திருப்பலுக்குப் பிறகு மீதிப் பணத்தைத் தருவதாக முன்கூட்டியே பேசிக்கொள்வதில் தவறில்லை.