திரையில் பச்சை, அறையில் புழுக்கம்: கட்டட ஆட்டோமேஷனில் நடக்கும் தவறுகள்

மதியம் 3 மணிக்கு மீட்டிங் அறையில் கண் சொக்குகிறது, தலை கனக்கிறது. உண்ட மயக்கம் என்று விட்டுவிடுகிறோம். கன்ட்ரோல் ரூமில், கட்டடத்தின் ஏ.சி., காற்றோட்டத்தை இயக்கும் கணினி அமைப்பான பி.எம்.எஸ். திரையும் எல்லாம் சரி என்றே காட்டுகிறது. நான் முதலில் சந்தேகப்படுவது அறையின் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் சென்சாரை.

வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 420 பங்கு. ஆள் கூடக் கூட அறைக்குள் அது ஏறும். அதைப் பார்த்து பி.எம்.எஸ்., வெளிக்காற்றை உள்ளே விடும் தகட்டுக் கதவான ஃபிரெஷ் ஏர் டேம்பரைத் திறக்கும். பல சென்சார்கள் தம்மைத் தாமே திருத்திக்கொள்ளும். கடந்த சில நாட்களில் கண்ட மிகக் குறைந்த அளவை வெளிக்காற்று என்று எண்ணி 400 ஆக்கிக்கொள்ளும். இரவில் பூட்டும் அலுவலகத்துக்கு இது பொருந்தும். மூன்று ஷிஃப்டும் ஆள் இருக்கிற சென்னை ஓ.எம்.ஆர். சாலை அலுவலகத்தில் அளவு 650-க்குக் கீழே இறங்கவே இல்லையென்றால்? அந்த 650-தான் இனி அதற்கு 400. அறையில் 1,150 இருக்கும்போது திரையில் 900 தெரியும், டேம்பர் மூடியே கிடக்கும். 24 மணி நேரமும் இயங்கும் கட்டடத்தில் இந்த வசதியை அணைத்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது நல்ல கை மீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சென்சாரைக் கதவருகிலோ ஏ.சி. காற்று நேராக விழும் இடத்திலோ மாட்டுவதும் இதே வினைதான்.

டேம்பர் 40 சதவீதம் திறந்திருப்பதாகத் திரை சொல்கிறதா? பல இடங்களில் அது மோட்டாருக்குப் போன உத்தரவு மட்டுமே. இணைப்புத் தண்டு கழன்றிருந்தால் தகடு அசையாது. ஏணி போட்டு ஏறிக் கண்ணால் பாருங்கள்.

சென்னையின் ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் வேறொரு சிக்கல். வெளியே குளுமை என்பதால் அறை சீக்கிரமே 24 டிகிரியை எட்டிவிடும். ஏ.சி.யின் குளிர்நீர் வால்வு மூடிக்கொள்ளும், காற்றின் ஈரத்தைப் பிரிப்பதும் நின்றுவிடும். ஈரக்காற்று மட்டும் வந்துகொண்டே இருக்கும். சில வாரங்களில் சீலிங்கில் பூஞ்சை. வெப்பத்தோடு ஈரப்பதத்தையும் கட்டுப்பாட்டில் சேர்த்து, அதை 60 சதவீதத்துக்குக் கீழே வைக்க வேண்டும்.

கார்பன் டை ஆக்சைடு சென்சாருக்குப் புகை தெரியாது, புது பெயின்ட் வாடையும் தெரியாது. போகி காலையில் உள்ளே அளவு ஏறினால் டேம்பர் அகலத் திறந்து தெருப் புகையை வாரி உள்ளே இழுக்கும். வெளியே நுண்துகள் சென்சார் ஒன்றும் நல்ல ஃபில்டரும் வையுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சில மணி நேரம் ஒருவர் பொறுப்பேற்று டேம்பரைக் கையால் குறைத்துவைத்து, புகை அடங்கியதும் மறக்காமல் தானியங்கி முறைக்குத் திருப்ப வேண்டும்.